சுவிசுக்குப் போய் கம்பிப் பாதை ஏறப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும் சுவிசில் சொந்தக்காரர் இருக்கும் குடும்பம் ஒன்று கண்ணில் படும். கோடையில் விசா கிடைத்து அங்கே போய் இறங்கினால் முதல் கிழமை விருந்து, இரண்டாம் கிழமை கோயில் திருவிழா, அப்புறம் அங்கே பிறந்து வளர்ந்த மச்சான்மார் ஆரம்பிப்பார்கள்: "வாங்க மச்சான், ஒரு கிளெட்டர்ஸ்டைக் போவம், கம்பியைப் பிடிச்சு ஏறுறதுதானே, லேசு." அவர்களுக்கு லேசுதான், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மலையில் நடந்த கால்கள். கடல் மட்டத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்த நாம் எப்படித் தயாராகிப் போவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதற்காகத்தான் இது.

ஜேர்மன் பேசும் இடங்களில் கிளெட்டர்ஸ்டைக் என்பார்கள், இத்தாலி, பிரான்ஸ் பக்கம் வியா ஃபெராட்டா. செங்குத்துப் பாறையில் சில மீற்றருக்கு ஒன்றாக இரும்பு முளை அடித்து, அவற்றின் வழியே உருக்குக் கம்பிவடம் இழுத்திருப்பார்கள். கால் வைக்கப் படிக்கம்பிகள், சில இடங்களில் ஏணி, தொங்குபாலம். முதலாம் உலகப் போரில் டொலமைற் மலைகளில் இத்தாலியப் படையும் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படையும் ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்க இப்படிக் கம்பியும் ஏணியும் பதித்துக்கொண்டன, பிற்காலத்தில் பல பாதைகள் அந்தத் தடங்களில்தான் வந்தன. சுவிசில் இந்தப் பழக்கம் புதிது. காட்மென் ஊருக்கு மேலே உள்ள தேல்லி பாதைதான் அங்கே முதலாவது, 1993இல் திறந்தது.

சிவனொளிபாத மலையில் சங்கிலி பிடித்து ஏறிய நினைப்பில் இதைப் பார்க்காதீர்கள். அந்தச் சங்கிலிகள் பழையவை, 1344இல் ஏறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் அவை கைக்குப் பிடிதான். இங்கே கம்பிவடத்தில் உங்கள் இடுப்பிலிருந்து வரும் இரண்டு கொக்கிகள் எப்போதும் கொளுவியிருக்க வேண்டும், அந்தக் கொக்கிகளும் அவற்றை இடுப்போடு இணைக்கும் இரண்டு கைப்பட்டிகளும் சேர்ந்ததைத்தான் செற் என்பார்கள். கை பிடிப்பது அதற்குப் பிறகுதான்.

"செற் போட்டிருக்கு, விழுந்தாலும் பிடிக்கும்" என்ற நினைப்பு இதில் பெரிய ஆபத்து. விழுந்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்ப்போம். நீங்கள் மேல் முளைக்குச் சற்றுக் கீழே நிற்கிறீர்கள், கீழ் முளை மூன்று மீற்றருக்குக் கீழே இருக்கிறது. கை விட்டால் கொக்கிகள் கம்பிவடத்தில் வழுக்கிக்கொண்டு கீழ் முளை வரை ஓடும், அதற்குப் பிறகு செற்றின் கை நீளம் இருக்கிறது, ஆக நாலைந்து மீற்றர் சும்மா விழுந்த பிறகுதான் பிடிப்பே தொடங்கும். அப்போது செற்றில் மடித்துத் தைத்திருக்கும் பட்டி கிழிந்து கிழிந்து வேகத்தைக் குறைக்கும், அது மட்டும் 2.2 மீற்றர் வரை நீளலாம். இவ்வளவு தூரத்தில் நடுவில் இருப்பது காற்று இல்லை, இரும்புப் படியும் பாறை விளிம்பும். கயிறு கட்டி மேலே ஒருவர் பிடித்திருக்கும் ஏற்றத்தில் விழுந்து எழும்பிச் சிரிப்பார்களே, அந்த விளையாட்டு இங்கே இல்லை. செற் உயிரைக் காப்பாற்றும், கால் எலும்பைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஆகவே விழாமல் ஏறக்கூடிய பாதையை மட்டும் எடுப்பதுதான் முதல் பாதுகாப்பு விதி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது.

பாதையைத் தெரிவு செய்வது

சுவிசில் பாதையின் கடினத்தை K1 (மிக லேசு) முதல் K6 (மிகக் கடினம்) வரை எண் போட்டுச் சொல்வார்கள். ஒஸ்திரியாவில் A, B, C என்று எழுத்து. முதல் தடவை போகிறவர் K1, K2க்கு மேலே போகவே கூடாது, எவ்வளவு உடற்பலம் இருந்தாலும். ஏனென்றால் இங்கே பலத்தை விட முக்கியம் பழக்கம். முந்நூறு மீற்றர் வெறும் வானத்துக்கு மேல் நின்றுகொண்டு பதறாமல் ஒரு கொக்கியைக் கழற்றி மாற்றுவது ஜிம்மில் வராது.

சொந்தக்காரர்கள் அநேகமாகக் காட்ட ஆசைப்படுவது மியூறன் பாதை. மியூறன் ஊரிலிருந்து கிம்மெல்வால்ட் வரை ஏறக்குறைய 2.2 கிலோமீற்றர், 2008இல் திறந்தது, லவுற்றபுறுன்னன் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவரில் குறுக்கே போகும், நடுவில் நீண்ட தொங்குபாலம். படம் எடுக்க அதைப் போல இடமில்லை. ஆனால் அது K3. தசைக்கு அவ்வளவு வேலை இல்லை என்றாலும், காலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீற்றர் வெறுமை தெரிகிற இடத்தில் இரும்புப் படி ஒவ்வொன்றாகக் கால் வைத்துக் குறுக்கே நகர வேண்டும், உயரப் பயம் உள்ளவர் அங்கேதான் முதன்முதலில் தனக்குப் பயம் இருப்பதைக் கண்டுபிடிப்பார். முதல் நாளுக்கு எங்கல்பேர்க்கின் புறுன்னி பக்கம் உள்ள சிறு பாதை போல ஒன்றைக் கேளுங்கள். லொய்க்கர்பாட்டில் டவுபன்ஹோர்ன் என்று ஒன்று இருக்கிறது, சுவிசிலேயே நீளமானது, ஒரு முழு நாளை விழுங்கும். அதை யாராவது உங்களுக்கு முதல் பாதையாகச் சொன்னால் அவருடன் வேறு எங்கேயும் போகாமல் இருப்பது நல்லது.

பாதையின் நீளத்தை மட்டும் பார்க்காமல் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: தொடக்கத்துக்கு நடக்கும் நேரம், கம்பியில் இருக்கும் நேரம், இறங்கும் நேரம். பல பாதைகளில் இடையில் வெளியேற வழி கிடையாது, வந்த வழியே திரும்புவதும் பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தால் பெரும் பாடு. இடைவழி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

போவதற்கு முன், இங்கேயே

நம் பக்கம் மலை குறைவு என்று சாக்குச் சொல்ல வேண்டாம். தாந்தாமலை, உகந்தை இரண்டிலும் பாறையில் ஏறி இறங்கலாம், கோயில் இடமாகையால் சப்பாத்தோடு ஏற முடியாது, வெறுங்காலில் ஏறுவதும் பாறையில் காலை எங்கே வைப்பது என்று பழகத்தான் செய்யும். குடும்பிமலை ஒரு நல்ல நடை. மற்ற நாட்களில் மாடிப்படி போதும், முதுகில் ஐந்து கிலோ அரிசி மூட்டையோடு. ஒரு கொப்பில் தொங்கி அரை நிமிடம் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள், முன்னங்கை எவ்வளவு சீக்கிரம் இறுகிப் போகிறது என்று அப்போது தெரியும்.

கொக்கி மாற்றும் பழக்கத்தை வீட்டிலேயே செய்யலாம். விறாந்தைக் கம்பிகளில் இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றை நாலைந்து இடத்தில் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டுங்கள், முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு முளை. செற் இல்லாவிட்டால் இரண்டு சிறு கயிற்றில் இரண்டு கொக்கி போதும், தரையில் நடந்துதானே பழகுகிறீர்கள். ஒரு கொக்கியைக் கழற்றி முடிச்சுக்கு அப்பால் போடு, பிறகு மற்றதைக் கழற்றி அப்பால் போடு. கண்ணை மூடிக்கொண்டும், இடது கையாலும் வரும் வரைக்கும். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒரு விஷயம் கண்டிப்பாக: அங்கே வாங்கிய செற்றைக் கொண்டுவந்து இங்கே மலையில் இருக்கும் கைப்பிடிக் கம்பியிலோ மரத்திலோ கொளுவி ஏற வேண்டாம். அந்தக் கம்பிகள் விழும் ஆளைத் தாங்குவதற்காகப் போட்டவை அல்ல.

என்னென்ன வேண்டும்

தலைக்கவசம், ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் வார்), செற். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கம்பியில் கை வைக்காதீர்கள். பெரிய பாதைகளுக்குப் பக்கத்திலுள்ள விளையாட்டுச் சாமான் கடைகளில் மூன்றையும் வாடகைக்குத் தருவார்கள். ஒரு தடவை போகிறவர் வாங்கத் தேவையில்லை, வாடகைதான் புத்தி, கடைக்காரர் போட்டுக் காட்டியும் விடுவார்.

தலைக்கவசம் மலையேற்றத்துக்கானதாக இருக்க வேண்டும், EN 12492 என்று உள்ளே அச்சடித்திருக்கும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் சரிவராது. மேலே போகிறவரின் காலில் தட்டி விழும் கல்தான் இங்கே அடிக்கடி வருவது, அதனால் பாறைக்கு அடியில் வரும்போதே, ஏறத் தொடங்கும் முன்பே போடுங்கள். கொண்டை போட்டால் கவசம் நெற்றியை விட்டு மேலே போய்விடும், தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். முக்காடு போடுகிறவர்கள் மெல்லிய துணியாக எடுத்து, ஊசி இல்லாமல், நுனிகளை உடுப்புக்குள் செருகிவிட்டால் பிரச்சினை இல்லை. தொங்கும் துணி எதுவாக இருந்தாலும் கொக்கிக்குள் சிக்கும்.

ஹார்னஸ் இடுப்பு எலும்புக்கு மேலே உட்கார வேண்டும், தொப்பைக்குக் கீழே அல்ல. தலைகீழாகத் திரும்பினாலும் கழன்று வரக் கூடாது. நம்மில் பலருக்கு இடுப்பை விட வயிறு பெரிது, அப்படியானவர்களும் முதுகில் பாரமான பை உள்ளவர்களும் சிறுவர்களும் மார்புப் பட்டியும் சேர்த்துப் போடுவது நல்லது.

இனி செற். இதில்தான் ஆட்கள் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். ஒய் எழுத்து வடிவில் இரண்டு கைகள், நுனியில் இரண்டு கொக்கிகள், அடியில் கிழியும் பட்டி உள்ள சிறு பை. இரண்டு சாதாரணக் கயிற்றுப் பட்டியை ஹார்னஸில் கட்டிக் கொக்கி போட்டால் அதே மாதிரித்தான் தெரியும், ஆனால் கிழிந்து வேகத்தைக் குறைக்கும் பகுதி இல்லாததால் விழுந்த அதிர்ச்சி முழுவதும் உங்கள் முதுகெலும்புக்குப் போகும், அல்லது பட்டியோ கொக்கியோ உடையும். இதற்கான ஐரோப்பியத் தரம் EN 958, அதன் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 40 கிலோ முதல் 120 கிலோ வரையுள்ளவருக்குப் பொருந்தும். 40 என்பது உடலின் எடை, 120 என்பது சப்பாத்து, பை எல்லாம் சேர்த்து. 120 கிலோவில் சோதித்தால் அதிர்ச்சி 6 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும், ஏறக்குறைய 600 கிலோ தொங்குகிற இழுவை. 40 கிலோவில் 3.5க்குள். எடை கூடியவரும் குறைந்தவரும் இந்த எல்லைகளைக் கவனியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை விழுந்தால் பட்டி சரியாகக் கிழியாமல் முழு அதிர்ச்சியும் அந்தச் சின்ன உடம்புக்குப் போகும், ஆகவே பிள்ளையை மேலேயிருந்து கயிற்றால் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். மாமாமார் "நான் பார்த்துக்கொள்ளுறன்" என்பது அந்தக் கயிறு அல்ல.

சொந்தக்காரரின் நிலவறையிலிருந்து எடுத்துத் தரும் பழைய செற்றை அப்படியே போட வேண்டாம். 2012இல் ஒஸ்திரியாவில் நடந்த ஒரு உயிரிழப்புக்குப் பிறகு மீள்தன்மைப் பட்டி உள்ள பல செற்றுகளைக் கம்பனிகள் திரும்ப அழைத்தன, செற்றின் கைகள் தேய்ந்து பலம் குறைவது அப்போதுதான் பெரிதாகத் தெரிய வந்தது. செய்த ஆண்டு, கம்பனி சொன்ன ஆயுட்காலம் இரண்டையும் பாருங்கள். ஒரு தடவை விழுந்து பட்டி கிழிந்த செற் முடிந்தது, திரும்பத் தைக்கக் கூடாது. முடிச்சுப் போட்டுக் குறுக்குவது, நடுவில் இன்னொரு பட்டி போட்டு நீட்டுவது, கிழியும் பட்டியின் பையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவது, எல்லாமே வேண்டாத வேலை.

மற்றவை: தோல் கையுறை (கம்பிவடத்தில் பிரிந்த கம்பி இழை ஒன்று உள்ளங்கையைக் கிழித்தால் அதற்கு மேல் பிடிக்க முடியாது), தடித்த அடி உள்ள மலைச் சப்பாத்து, மழைச் சட்டை, தண்ணீர் ஒன்றரை இரண்டு லீற்றர், தின்ன ஏதாவது. பேரீச்சம்பழமும் பயற்றம் உருண்டையும் அவர்களின் சொக்கலேற் கட்டியை விட நல்லது என்பது என் கட்சி. மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே விடுங்கள், இரும்பில் மோதிரம் மாட்டினால் விரல் போகும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள் ஒட்டி வையுங்கள், வெளியே தொங்கவிட வேண்டாம்.

காலநிலை

ஆல்ப்சில் கோடைப் பிற்பகலில் இடிமழை வரும். உருக்குக் கம்பியைப் பிடித்தபடி மலைமுகட்டில் நின்று மின்னலைச் சந்திக்க யாருக்கும் ஆசை இருக்காது. ஆகவே விடியலில் புறப்பட்டு மதியத்துக்குள் கம்பியை விட்டு இறங்கியிருக்க வேண்டும், சொந்தக்காரர் வீட்டில் காலைச் சாப்பாடு பத்து மணிக்கு என்றால் அன்றைக்குப் போகாதீர்கள். முந்தின இரவும் காலையிலும் வானிலை பார்த்து, இடி என்று ஒரு வார்த்தை இருந்தாலே ஒத்திவையுங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது இடி கேட்டால் எது கிட்ட இருக்கிறதோ, வெளியேறும் வழியோ கம்பியின் முடிவோ, அதற்குப் போய் முகட்டையும் இரும்பையும் விட்டு விலகுங்கள்.

அங்கே ஃபோன் என்று ஒரு காற்று உண்டு. நம் கச்சான் காற்றும் அதே குணம்தான்: மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு சூடாகி இறங்குகிறது. கச்சான் நாளில் வானம் தெளிவாகவே இருக்கும், ஆனால் கூரைத் தகரம் பறக்கும் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் ஃபோன் அடிக்கும் நாள் படம் போலத் தெளிவாகத் தெரியும், மலைச்சுவரில் காற்று ஆளைத் தள்ளும், கேபிள் கார் நின்றுவிடும், இறங்க வழியில்லாமல் மேலே மாட்டிக்கொள்வீர்கள். தெளிவான வானத்தை மட்டும் நம்பாதீர்கள்.

உயரமான பாதைகளில் யூன் மாதத்திலும் பனி கிடந்து கம்பியை மூடியிருக்கும். பாதை திறந்திருக்கிறதா என்று அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்காமல் போகாதீர்கள். குளிர்காலம் முடிந்து பழுது பார்க்கும் வரை மூடியே வைப்பார்கள். உயரத்தைப் பற்றியும் ஒரு சொல்: கடற்கரையிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே 2,500 மீற்றருக்குப் போனால் நாலு படியில் மூச்சு வாங்கும். முதலில் சில நாள் தாழ்வான மலைகளில் நடங்கள்.

கம்பியில்

தொடக்கத்தில் ஒருவரை ஒருவர் பாருங்கள்: ஹார்னஸ் வார் இறுகி இருக்கிறதா, செற் ஹார்னஸின் சரியான வளையத்தில் மாட்டியிருக்கிறதா, தலைக்கவச வார் பூட்டியிருக்கிறதா. வெட்கப்படாமல் இழுத்துப் பாருங்கள்.

ஏறும்போது இரண்டு கொக்கியும் கம்பிவடத்தில். முளை வந்தால் ஒன்றைக் கழற்றி அப்பால் போடு, பூட்டிக்கொண்டதா பார், பிறகு மற்றது. இரண்டையும் ஒரே நேரம் கழற்றுவது என்பது எந்தக் காரணத்துக்காகவும் கிடையாது, படம் எடுக்கவும் இல்லை, வழி விடவும் இல்லை. களைத்துப் போன மூன்றாவது மணித்தியாலத்தில்தான் இது மறந்து போகும், அதனால்தான் விறாந்தையில் அத்தனை தடவை செய்யச் சொன்னேன்.

இரண்டு முளைக்கு இடையில் ஒருவர் மட்டும். முன்னால் போகிறவர் அடுத்த முளையைக் கடந்து கொக்கி மாற்றிய பிறகே பின்னால் உள்ளவர் அந்தப் பகுதிக்குள் வர வேண்டும், செங்குத்தான இடத்தில் இன்னும் ஒரு முளை இடைவெளி விட்டால் நல்லது, மேலே உள்ளவர் விழுந்தால் உங்கள் தலையில்தான் விழுவார். நம் ஆட்கள் பஸ் வரிசையில் நிற்பது மாதிரி முட்டிக்கொண்டு நிற்பார்கள், அது இங்கே ஆகாது. பின்னால் அவசரப்படுகிறவர் இருந்தால் அகலமான பாறைத் தட்டில் நின்று பேசி வழி விடுங்கள்.

உடம்பைக் காலால் தூக்குங்கள். கையை மடித்து உடம்பை இழுத்தால் பத்து நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும், கையை நீட்டியபடி வைத்துக் காலை ஒவ்வொரு படியாக உயர்த்துங்கள். களைத்தால் தொங்கி ஓய்வெடுக்க ஒரு தனிப் பட்டியும் பூட்டுக் கொக்கியும் வைத்திருங்கள், அதைப் படிக்கம்பியிலோ முளையிலோ மாட்டி, செற்றின் இரண்டு கொக்கிகளையும் கம்பிவடத்திலேயே விட்டு, கையை உதறி விடுங்கள். நகரத் தொடங்கும் முன் அந்தப் பட்டியைக் கழற்றிவிட வேண்டும். அதோடு ஏறி விழுந்தால் கிழியும் பட்டிக்கு வேலையே இல்லாமல் போகும்.

முளை ஆடினாலோ கம்பி பிரிந்து கிடந்தாலோ அதில் பாரம் போடாதீர்கள், திரும்பி வந்து கேபிள் கார் நிலையத்தில் சொல்லுங்கள்.

மாட்டிக்கொண்டால்

மீட்புக்காரரைக் கூப்பிடுகிறவர்களில் பலர் விழுந்தவர்கள் அல்ல, கையில் பலம் தீர்ந்தோ பயந்தோ முன்னும் பின்னும் போக முடியாமல் நின்றவர்கள். அந்த நிலை வருகிறது என்று தெரிந்தால் முதலில் ஓய்வுப் பட்டியில் தொங்குங்கள், பிறகு பேசுங்கள். சுவிசில் றேகா வான் மீட்புக்கு 1414, வலே மாநிலத்தில் 144, ஐரோப்பா முழுவதும் 112. தொலைபேசிக்கு அலை கிடைக்காவிட்டால் ஒரு நிமிடத்துக்கு ஆறு தடவை விசிலோ வெளிச்சமோ, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும். பதில் நிமிடத்துக்கு மூன்று தடவையாக வரும். ஹெலிகொப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்துத் தூக்கினால் உதவி வேண்டும் என்று அர்த்தம், ஒரு கை மேலே ஒரு கை கீழே என்றால் வேண்டாம். சும்மா பறக்கிற ஹெலிகொப்டருக்கு வணக்கம் சொல்லி இரண்டு கையையும் தூக்காதீர்கள்.

விழுந்து ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவரின் நிலை ஆபத்தானது, இரத்தம் காலில் தேங்கிவிடும். முடிந்தவரை சீக்கிரம் அவரைத் தட்டில் இறக்க வேண்டும். நினைவு இருந்தால் ஒரு பட்டியில் காலை ஊன்றி மிதித்து அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

ஹெலிகொப்டர் இலவசம் அல்ல. விசாவுக்காகக் கொழும்பில் எடுத்த காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது செங்கன் (சுவிசும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) விதி, ஆனால் மலையேற்றத்தை விலக்கி வைக்கும் வரி ஒன்று சின்ன எழுத்தில் இருக்கக்கூடும். அதைப் படியுங்கள், இல்லாவிட்டால் மலை விளையாட்டையும் சேர்த்து எடுங்கள். விசா அலுவல் முடிந்த கையோடு அந்தத் தாளைத் தொலைத்துவிட வேண்டாம், பாதைக்குப் போகும்போது ஒரு படம் போனில் இருக்கட்டும்.

ஏறி முடிந்ததும் கொக்கியைக் கழற்றிவிட்டுத் துள்ளாதீர்கள், ஈரப் புல்லிலும் உருளும் கல்லிலும் களைத்த காலோடு இறங்குவது இன்னும் பாக்கி. இறங்கும் பாதையிலும் மேலிருந்து கல் வரக்கூடிய இடங்களைத் தாண்டும் வரை தலைக்கவசம் தலையில் இருக்கட்டும்.

சொந்தமாக ஒரு செற் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தால், வெயில் படாத, காற்றுள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். உப்புக் காற்றில் கொக்கியின் வாய் இறுகும், நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து, திறந்து மூடுகிறதா பாருங்கள். ஓட்டோ பெட்டறி வைக்கும் மூலையில் மட்டும் வைக்கக் கூடாது, அசிட்டின் ஆவி பட்டாலே பட்டியின் நூல் செத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. எலி கடித்த அடையாளம் இருந்தால் யோசிக்காமல் வெட்டி எறியுங்கள், முழுசாக எறிந்தால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.